பாப்பாவுக்கு இல்லாத எண்ணெய்

நேற்று மழைக்கோட்டைத் தேடப் போன மகள் உன் சீசாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பீரோவின் அடித்தட்டில், என் கல்லூரிச் சான்றிதழ்களுக்குக் கீழே, ஒரு துணிப்பைக்குள் நான் ஒளித்து வைத்திருந்தது. கட்டைவிரல் உயரத்துக்குக் கண்ணாடிச் சீசா. அதைச் சுற்றி நீ ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்திரி. அதன்மேல் நீலப் பேனாவில் உன் கோணல் எழுத்து. மகள் இப்போதெல்லாம் எழுத்துக் கூட்டாமலே படிக்கிறாள். சமையலறை வாசலில் நின்று உரக்கப் படித்தாள்: “பாப்பாவுக்கு இல்ல.”

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப யாருக்கும்மா?”

சீசாவை வாங்கி மூடியைத் திறந்தேன். ஆலிவ் எண்ணெய் காறிப் போயிருந்தது. ரொம்ப நாள் டப்பாவில் கிடந்த வேர்க்கடலையின் வாடை. அந்த வாடையோடு உன் ஸ்கூட்டர் சத்தமும், பால் சங்கத்தில் பால் சோதித்துச் சோதித்து உன் கையை விட்டுப் போகாத பால் வாசமும் எப்படி வந்து ஒட்டிக்கொண்டன என்று தெரியவில்லை.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. அப்போதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. நேரமில்லாமல் அல்ல, பயந்துதான் எழுதவில்லை. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்டால் நான் செய்ததும் எழுத்தில் வந்துவிடும். இனித் தள்ளிப்போட முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நம் சபையை நடத்தும் தையல்கடை அண்ணனுக்கு நான் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்லியாக வேண்டும். நீ கடைசியாக என்னிடம் கேட்டது என்ன என்று விளங்காமல் எனக்கு இரண்டுமே வாயில் வரவில்லை.

முதலிலிருந்து வருகிறேன். கள்ளக்குறிச்சியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு. மதியச் சாப்பாட்டு நேரம். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: “இன்னாடி, நீங்கல்லாம் அந்த அமெரிக்கா மார்மன் சபையாமே? ரெண்டு மூணு பொண்டாட்டி கட்டிப்பீங்களாமே?”

நீ வாயிலிருந்த சோற்றை விழுங்கக்கூட இல்லை. “அந்தப் பழக்கம் வேணாம்னுதான் எங்காளுங்க அப்பவே தனியா பிரிஞ்சி வந்துட்டாங்க. எங்க சபை ஆம்பளங்களுக்கு இருக்கற ஒண்ணுக்கே பதில் சொல்ல முடியல.”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பைவிட ஆவல்தான் அதிகம். நான் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய், பூசை கண்டு, நற்கருணை வாங்கி வளர்ந்தவள். சாமி விஷயத்தில் சிரிக்கலாம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். உன் சபையைப் பார்க்க வேண்டும் என்றேன். உடனேயே பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டால்? அது பாவமாக இருந்துவிட்டால்?

“பயத்த வூட்ல வுட்டுட்டு வான்னு எவ சொன்னா? அதையும் இட்டுக்கினு வா” என்றாய்.

தகரக்கூரை போட்ட ஒரே கூடம். இருபது பேருக்கு மேல் இல்லை. முன்னால் நின்றவர் கடைவீதியில் தையல்கடை வைத்திருப்பவர். ஊழியத்துக்குச் சம்பளம் கிடையாது, வாரம் ஆறு நாளும் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவர். போதகர் என்று யாரும் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் அண்ணன்தான். பேக்கரி பன்னைப் பிட்டு ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாறு இன்னொரு தட்டில், சின்னச் சின்னக் குவளைகளில். தட்டு என்னிடம் வந்தபோது கையை இழுத்துக்கொண்டேன். நான் வேறு கோயில்காரி அல்லவா?

“எடுடி. இங்க யாரும் உன்ன எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்க மாட்டாங்க” என்று முழங்கையால் இடித்தாய்.

சுற்றிப் பார்த்தேன். கரியாலூரிலிருந்து விடிகாலை பேருந்தில் இறங்கி வந்த மலைக்காரக் குடும்பமும், வடக்கனந்தலில் கிணறும் நிலமும் உள்ள ஒரு பெரியவரும் அதே தட்டில் கை வைத்தார்கள். எங்கள் கோயிலிலும் எல்லோரும் ஒன்று என்றுதான் பிரசங்கம் நடக்கும். பெஞ்சுகள் மட்டும் வேறு சொல்லும்.

அன்று மாலையே உன்னைக் கேள்வியால் துளைத்தேன். கடவுள் இன்னும் பேசுகிறார், வேதம் எழுதி முடியவில்லை என்று அண்ணன் சொன்னாரே, அப்படியென்றால் யாரிடம் பேசுகிறார்? உங்கள் உலகச் சபையின் தலைவருக்கு ஒரு வார்த்தை கிடைக்கும், அதை எல்லா நாட்டிலிருந்தும் வந்தவர்கள் கூடி, யோசித்து, ஒத்துக்கொண்டால்தான் புத்தகத்தில் சேரும் என்று சொன்னாய்.

“சாமி சொன்னதுக்கே ஓட்டா?”

“சாமிக்கு இல்லடி. கேட்டவரு காதுக்கு. அவரு சரியாதான் கேட்டாரான்னு பாக்க வேணாமா?”

“அப்ப எல்லாத்தையும் மாத்திக்கலாம். ஆனா அந்த அப்பத்து ஜெபத்த மட்டும் அண்ணன் முட்டி போட்டுக்கினு எழுத்து மாறாம படிச்சாரே, அது ஏன்?”

“தெரியல. எல்லாத்தையும் மாத்திட்டா, எந்த மேசைல வந்து ஒக்காந்தோம்னு மறந்து பூடும்ல?”

‘தெரியல’ என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பதில் சொல்வாய். அதுதான் என்னைப் பிடித்து இழுத்தது. அந்தச் சபையை ஆரம்பித்தவரின் கதையையும் அப்படித்தான் சொன்னாய். எந்தச் சபை சரி என்று தெரியாத ஒரு விவசாயி வீட்டுப் பையன், தோப்புக்குள் தனியாகப் போய் மண்டியிட்டுக் கடவுளையே கேட்டான் என்று. வெளிச்சம் வந்ததாமே, நிஜமா என்றேன். “வந்துச்சோ இல்லயோ, நான் பாக்கல. ஆனா போய்க் கேட்டான் பாரு, அது எனக்குப் புடிச்சிருக்கு.”

படிப்பு முடிந்து நீ பால் சங்கத்து வேலைக்குப் போனாய். அதற்குள் நானும் அண்ணன் கையால் முழுக்கு ஞானஸ்நானம் வாங்கிச் சபையில் சேர்ந்திருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆனது. அந்த வருடம்தான் உன்னை மூப்பராக்கினார்கள். மூப்பர் என்றால் வயதல்ல, பொறுப்பு: முழுக்குக் கொடுக்கலாம், நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கலாம். உனக்கு இருபத்து மூன்று வயது. என் மாமியார் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்: “பொம்பள சாமியாரு! அதுவும் ஸ்கூட்டர்ல!”

உன் முதல் முழுக்கு நினைவிருக்கிறதா? கரியாலூருக்கு மேலே ஓடையில். மலைக்காரக் குடும்பத்துப் பெண் பிள்ளைக்கு எட்டு வயது நிரம்பியிருந்தது. நம் சபையில் கைக்குழந்தைக்கு முழுக்கு இல்லை. எட்டு வயதில், பிள்ளை தானாகக் கேட்டால் மட்டும். சபையே புளிச்சோறு கட்டிக்கொண்டு மலை ஏறியது. நீ இடுப்பளவு தண்ணீரில், பல் கிடுகிடுக்க, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாய். அந்தப் பிள்ளை கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தது, உன்னைப் பார்த்தது.

“இன்னிக்கி வேணாம்” என்றது.

அவள் அப்பா அதட்டுவார் என்று நான் காத்திருந்தேன். யாரும் அதட்டவில்லை. அண்ணன் “சரிம்மா” என்றார். நீ முழுசாய் ஒரு முங்கு முங்கி எழுந்து, “நானாவது குளிச்சிட்டுப் போறேன்” என்று கரையேறினாய். எல்லோரும் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். அந்தப் பிள்ளைதான் அதிகம் தின்றது. மறுவருடம் அதுவாக வந்து கேட்டதாகச் சொன்னாய். கேட்காமலே இருந்திருந்தால்? அன்று எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. வயிற்றில் மகள் மூன்று மாதம். இப்போது வருகிறது.

இனிமேல் எண்ணெய்க் கதை.

மகள் பிறந்து நாற்பது நாள். பால் கட்டி எனக்குக் காய்ச்சல். நீயும் அண்ணனும் வந்தீர்கள். மாத்திரை சாப்பிட்டேனா என்று நீ முதலில் கேட்டாய்; அதன் பிறகுதான் என் நெற்றியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, இருவரும் தலைமேல் கைவைத்து ஜெபித்தீர்கள். போகும்போது சீசாவை ஜன்னல் மேடையில், குழந்தைப் பவுடர் பக்கத்தில் மறந்துவிட்டாய். மறுநாள் காலை நான் அதை மருந்துக்கடையில் வாங்கிய குழந்தை எண்ணெய் என்று நினைத்து, மகளைக் காலில் போட்டு உச்சி முதல் பாதம் வரை தேய்த்து, மிச்சத்தைத் தொப்புளிலும் விட்டுவிட்டேன். சீசா காலி.

அப்போதுதான் நீ போன் செய்தாய். “என் ஜெப எண்ணெய் அங்க இருக்கா பாரு.”

கேட்டுக்கொண்டிருந்த மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். கோயிலில் அப்படி எண்ணெய் பூசுவதை அவர் தன் மாமனாரின் கடைசி மூச்சில்தான் பார்த்திருக்கிறார். “அது அவஸ்தைல பூசறதுடி! சாவப் போறவங்களுக்குப் பூசறது! பச்சப் புள்ளைக்குப் பூசிட்டியே, அதுவும் இன்னும் ஞானஸ்நானத் தண்ணி ஊத்தாத புள்ளைக்கு!”

மகளின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். படித்த வேதியியல் எல்லாம் எங்கே போனதோ. நீ சங்கத்தில் பால் ஊற்ற வந்தவர்களை அப்படியே நிற்கவைத்துவிட்டு வந்தாய். எண்ணெயில் மின்னிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாய். சிரித்தாய் பார், எதிர்வீட்டு மாடு மிரண்டது.

“அடிப்பாவி, நாங்க ஒரு சொட்டு வைப்போம். நீ அரசருக்குப் பண்ற மாரி முழு அபிஷேகமே பண்ணிட்ட!”

“சிரிக்காதடி. புள்ளைக்கு எதுனா ஆயிடுமா?”

“ஆவும். சளி புடிக்கும். போயி வெந்நீர் ஊத்து.” பிறகு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். “எங்க எண்ணெய் போறதுக்கு இல்லம்மா. இருக்கறதுக்கு.”

“தண்ணி ஊத்தாத புள்ளம்மா. எட்டு வயசு வரைக்கும் எதுனா ஆயிட்டா யாரு பொறுப்பு?”

“நீங்களே சொல்லுங்க. கைப்புள்ள மேல சாமிக்கு இன்னா கோவம் இருக்கப் போவுது?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு கேரண்டி வேணும்.”

நீ மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “இவ எட்டு வயசுல வந்து கேட்டா நானே தண்ணில நிக்கறேன்” என்றாய். அடுத்த வாரம் புது எண்ணெயோடு வந்தாய். சீசாவில் இந்தப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

இத்தனையும் எழுத எளிதாக இருந்தது. அடுத்தது அப்படி இல்லை. இங்கே நிறுத்திவிட்டுப் போனேன். இன்று சனிக்கிழமை, மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

புதுச்சேரியில் ஆசுபத்திரி. ரத்தத்தில் புற்று என்று சொல்லி ஐந்து மாதம். அன்று பிற்பகல் பார்வையாளர் நேரத்தில் வந்தேன். உன் அம்மா டீ வாங்கப் போயிருந்தார். உன் தலையில் முடி இல்லை. கையில் பால் வாசம் இல்லை, மருந்து வாசம்.

“பைல எண்ணெய் இருக்குது. எடுத்து நீ வெச்சி ஜெபம் பண்ணு” என்றாய்.

“நானா? நான் மூப்பர் இல்லயே. அண்ணன வரச் சொல்றேன். ஞாயித்துக்கிழம வந்துடுவாரு.”

“சட்டம் பேசறா பாரு.” சிரித்தாய். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும். “சரி, கைய மட்டும் குடு.”

கொடுத்தேன். என் மாமியார் உன்னை விசாரித்ததாகச் சொன்னேன். “இன்னும் கேரண்டி கேட்டுக்கினு இருக்கறாங்களா?” என்றாய். கிளம்பும்போது சீசாவை என் கையில் வைத்து மூடினாய். அது வியாழக்கிழமை. சனிக்கிழமை நீ இல்லை.

என்ன கேட்டாய் என்னிடம்? எண்ணெய் மருந்தில்லை என்று நீதான் சொல்வாய். அதை வைத்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று நான் நம்பவில்லை, நீயும் நம்பியிருக்க மாட்டாய். மூப்பர்தான் பூச வேண்டும் என்ற விதியும் உனக்குத் தெரியும். பின் ஏன் கேட்டாய்? இருப்பதற்கு என்றாயே, யார் இருப்பதற்கு? உனக்கு வேண்டியிருந்ததா, அல்லது எனக்கு வேண்டும் என்று உனக்குத் தெரிந்ததா? இரண்டு வருடமாக இதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். குற்ற உணர்ச்சி என்றுதான் தொடங்கினேன். இப்போது அதைவிடத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் ஜாஸ்தி.

மூன்று மாதத்துக்கு முன் மகளுக்குச் சீருடை அளவு கொடுக்கக் கடைக்குப் போனேன். அண்ணன் அவள் தோளை அளந்து சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொண்டே, “உனக்கு ஒரு அழைப்பு இருக்குதுன்னு எனக்குத் தோணிக்கினே இருக்குதும்மா. மூப்பரா” என்றார். எல்லோருக்கும் அழைப்பு உண்டு என்பது நம் சபையின் பேச்சு. அது என் பெயரைச் சொல்லி வரும் என்று நினைக்கவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். எனக்கா?

“வேணாம்னாலும் ஒண்ணுமில்ல. நாளானாலும் பரவால்ல. யோசி” என்றார். அவர் ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று கெடு வைத்தவள் நான்தான். மகளுக்கு எட்டு வயது நிரம்ப இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அவள் தன் பதிலைச் சொல்வதற்கு முன் என் பதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அவளோ அவள் கணக்கில் இருக்கிறாள். “எட்டு வயசுக்கு முன்னாடி பண்ண தப்புக்கு சாமி திட்ட மாட்டாராம்மா?”

“மாட்டாரு.”

“அப்ப முழுக்கு எட்டரை வயசுல வெச்சிக்கலாமா?”

நீ இருந்தால் எவ்வளவு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு பாதி, கலக்கம் பாதி. ‘வேணாம்’ என்று அவள் எப்போதைக்குமாகச் சொல்லிவிட்டால் புளிச்சோற்றைத் தின்றுவிட்டு இறங்கி வர என்னால் முடியுமா? அவள் பாட்டி வாரம் ஒரு முறையாவது, “நான் கோயில்ல கொண்டு போயி ஊத்திக்கினு வந்துடறேன், பத்து நிமிசம்” என்கிறார். சில நாள் எனக்கே ஆசையாக இருக்கிறது. பத்து நிமிடத்தில் ஒரு பயம் தீருமே.

இன்று காலை சீசாவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஆசுபத்திரியில் நடந்ததை முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அண்ணன் தையல் இயந்திரத்திலிருந்து காலை எடுத்துவிட்டுக் கேட்டார். சீசாவைத் திறந்து முகர்ந்தார்.

“காறிப்போச்சு.”

“அவ வெச்சிருந்த எண்ணெய்ண்ணே. ஜெபம் பண்ணது. கொட்டலாமா?”

“காறிப்போனத வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணப் போற? செடிக்கு ஊத்திடு. சீசாவ நல்லா கழுவி வெச்சிக்கோ.” மூடியைத் திருகிக்கொண்டே, “அவ ஏன் உன்னக் கேட்டான்னு எனக்கும் தெரியல” என்றார். அவரும் ‘தெரியல’ என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் உன்னைப் போல மேலே எதுவும் சொல்லவில்லை.

அப்போதுதான் சொன்னேன், சரி என்று. சொல்லிவிட்டுப் பார்த்தால், நீ ஏன் கேட்டாய் என்று தெரிந்துகொண்டுதானே பதில் சொல்வதாக இருந்தேன் என்று எனக்கே ஆச்சரியம். நாளை அண்ணன் சபையில் சொல்வார். சம்மதம் என்றால் எல்லோரும் கை தூக்க வேண்டும். யாரும் தூக்காமல் இருந்துவிட்டால் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆளில்லாத நேரத்தில் கேட் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்க்கிற அதே நான்தான்.

எண்ணெயைக் கொய்யாச்செடியின் அடியில் ஊற்றினேன். சீசாவைப் பிளாஸ்திரி நனையாமல் கழுவி, மருந்துக்கடையில் வாங்கிய புது ஆலிவ் எண்ணெயை விட்டேன். இன்னும் ஜெபிக்காத, வெறும் எண்ணெய். மகள் மேசையில் மோவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பாவுக்கு இல்லன்னு போட்டிருக்கே. நான் பாப்பாவாம்மா?”

“இல்ல.”

“அப்ப எனக்கு வெக்கலாம்ல?”

“இப்ப உனக்கு ஒடம்புக்கு இன்னா?”

“ஒண்ணுமில்ல. சும்மா.”

இன்னும் எனக்கு அதிகாரம் இல்லை. நாளைக்கும் உடனே வராது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ‘சட்டம் பேசறா பாரு’ என்று நீ சொன்னது கேட்டது. மூடியைப் போட்டுச் சீசாவைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் கையை அவள் தலையில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். உச்சந்தலை வெதுவெதுப்பாக இருந்தது. நாற்பது நாளில் தேய்த்த அதே உச்சி.

“இன்னாம்மா சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல. கேட்டேன்.”

“யார?”

சீசா இப்போது என் கைப்பையில், உன் எழுத்து அழியாமலிருக்க மேலே ஒரு டேப்போடு இருக்கிறது. விடிந்தால் ஞாயிறு. கூடத்துக்கு அவளையும் கூட்டிப் போகிறேன்; வருவாளா என்று கேட்டேன், பன் இருக்கும்தானே என்றாள். பயம் எங்கேயும் போகவில்லை. அதையும் இட்டுக்கினுதான் போறேன்.